இருந்தது, போனது, சேர்த்தது

அந்தப் பெண் என் வீட்டுக்கு ஐந்து முறை வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் எதையாவது தொலைத்துவிட்டுத்தான் வருவாள். முதல் முறை இடது கை. அடுத்த முறை ஜன்னல். பிறகு மடியிலிருந்த கிண்ணம், அதன்பின் நாற்காலியின் கால், கடைசியாக முகம்.

ஓவியத்தைத்தான் சொல்கிறேன். கிழிந்ததும் எரிந்ததும் நனைந்ததுமாக வரும் பழைய ஓவியங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். டாக்டர்களாவது நோயாளியைக் கொன்றுவிட்டு விதி என்பார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. போன இடத்தில் மட்டும்தான் கை வைக்கலாம். வைத்ததையும் நாளைக்கு இன்னொருவர் பஞ்சால் துடைத்து எடுத்துவிடும்படிதான் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அதில் மூன்று கட்டங்கள்: இருந்தது, போனது, சேர்த்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. வாங்குகிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இந்தத் தாளைப் பார்ப்பார்கள். பழுது பார்க்கப்பட்டது என்றால் பழசு என்றுதானே அர்த்தம். போலி செய்கிறவன் யாராவது ஓட்டை போட்டா செய்வான் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படத்தைக் கொண்டுவருகிறவர் என் அத்தான், அக்காவின் கணவர். ஓவியங்களை வாங்கி விற்பவர். சட்டையில் மடிப்பு கலையாது, பேச்சில் குரல் உயராது. தேனில் தோய்த்த நாக்கு. தேன் எங்கே கிடைக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அக்காவும் இதே தொழில்தான். ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து பதினாறு வருடம் வேலை செய்தோம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அத்தான் வந்து, தயங்கித் தயங்கி, ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் அக்கா என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று சொன்னார். என் கை நடுங்குகிறதாம், முகம் வரைகிற வேலையை எனக்குக் கொடுக்க வேண்டாமாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூரிகைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளும் வரவில்லை. இரண்டு பஸ் மாறினால் அவள் வீடு. ஒன்பது வருடமாக அந்த இரண்டு பஸ்ஸையும் நான் பிடிக்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆனால் ஒவ்வொரு முறை படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அத்தானிடம் ஏதாவது சொல்லி அனுப்புவேன். அக்கா சாப்பிட்டாளா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று. அடுத்த முறை வரும்போது அவர் கீழே பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். “அவ உன் பேச்சையே எடுக்க வேணாம்னுட்டாம்மா. நீ மனசுல வச்சுக்காத.” நான் மனதில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு கிண்ணம். பார்வை நம் மேல் இருக்காது. நமக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் பார்ப்பாள். வரைந்தவர் எப்போதோ இறந்துவிட்டார். அவர் வேலை செய்த இடம் தீப்பிடித்து எல்லாம் சாம்பலானது. இந்த ஒரு படம் மட்டும் யாரோ வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தது என்று ஒரு பேச்சு உண்டு. பழைய புத்தகம் ஒன்றில் அதன் புகைப்படம் இருக்கிறது. கட்டை விரல் அளவு, கறுப்பு வெள்ளை, முகம் ஒரு புள்ளி.

ஏழு வருடத்துக்கு முன்னால் முதல் முறை வந்தபோது இடது கை எரிந்து போயிருந்தது. புகைப்படத்தில் கை இருந்த இடம் வெறும் கறை. வேறு வழியில்லாமல் என் இடது கையையே மடியில் வைத்து, கண்ணாடியில் பார்த்து, இடம் வலம் மாற்றி வரைந்தேன். என் சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். எனக்கு ஐந்து வயதில் அக்கா அலமாரிக் கதவை அதன் மேல் சாத்திவிட்டாள். அன்றைக்கு என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். வளைவை நேராக்கி வரைந்திருக்க வேண்டும். வேலை ஓட்டத்தில் அப்படியே வந்துவிட்டது, அழகாகவும் இருந்தது, விட்டுவிட்டேன்.

எட்டு மாதத்தில் திரும்பி வந்தாள். வாங்கியவர் வீட்டில் குழாய் வெடித்து ஜன்னல் பக்கம் முழுக்க ஊறிப்போய்விட்டது என்றார் அத்தான். நான் முதலில் தேடியது என் கையைத்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழைய வண்ணம் எங்கே முடிகிறது, என் வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒட்டுப்போட்ட இடத்தில் ஒட்டே இல்லை. வளைந்த சுண்டு விரல் மட்டும் இருந்தது.

அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலையை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்டவள். கை நடுங்குகிறது என்றாளே, வந்து பார்க்கட்டும். இந்த மாதிரித் தப்பை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் செய்வார்கள். வேறு யாராக இருந்தாலும், போட்ட ஒட்டைக் காணோமே என்று பயந்திருப்பார்கள். நான் பெருமைப்பட்டேன்.

இதைச் சோதிக்க ஒரு விளக்கு உண்டு. அறையை இருட்டாக்கி அந்த ஊதா விளக்கைக் காட்டினால் பழைய வார்னிஷ் பாசி நிறத்தில் மினுங்கும். புதிதாகப் பூசிய இடம் கறுப்பாகத் தெரியும். என் விளக்கின் பல்பு முதல் படம் வருவதற்கு முன்பே போய்விட்டது. வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்றே நாள் போனது. அந்தச் சுண்டு விரலைப் பார்த்த பிறகு வாங்கத் தோன்றவில்லை. என் கையை நானே சந்தேகப்படுவதா?

மூன்றாவது முறை, நான்காவது முறை. தாளில் எழுதச் சொல்லும், வாங்குகிறவரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். கைமாறிக்கொண்டே இருக்கிறாள், ராசியில்லாதவள் என்று அத்தான் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவள் இருக்கும் நாட்களில் வேலை அறைக்குள் நுழைந்தால், உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டது போல இருக்கும். பட்டப்பகலில், வெளியே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போது. ஒரு நாள் அவளைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன். முதுகில் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. திரும்பவும் என் பக்கமே பார்க்க வைத்தேன். அதற்குப் பிறகு அவளிடம் பேச ஆரம்பித்தேன். தனியாக இருக்கிற பொம்பளை, யாரிடமாவது பேச வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஐந்தாவது முறை வந்தாள். முகம் இல்லை.

துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, கூந்தல் இருக்கிறது. நடுவில் வெள்ளையாக ஒரு ஓட்டை. ஓட்டையும் நமக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறது. மெழுகுவர்த்தி விழுந்துவிட்டது என்றார் அத்தான். எரிந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விளிம்பு சுருளும், கொப்புளம் கிளம்பும், துணி வரை கருகும். இங்கே விளிம்பை மட்டும்தான் யாரோ சுரண்டியிருந்தார்கள். நடுவில் வண்ணத்துக்கு அடியில் பூசுகிற வெள்ளைப் பூச்சு, ஒரு கீறல் இல்லாமல், போட்ட அன்றைக்கு இருந்தது போல இருந்தது. பார்த்தேன். கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் வாயை அடைத்துவிட்டார்.

“உங்கக்கா சொல்லி அனுப்பினா. முகத்தை நீதான் செய்யணுமாம். உன்னால மட்டும்தான் முடியும்னு சொன்னா.”

ஒன்பது வருடம் கழித்து வந்த ஒரு வார்த்தை. நான் எதைக் கேட்கப் போனேன் என்பதையே மறந்துவிட்டேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

அந்த முகத்தை நான்கு முறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான். கண்ணை மூடினால் தெரியும். அப்படியும் வரவில்லை. நான் அவள் முகத்தைத்தான் வரைகிறேன், தள்ளி நின்று பார்த்தால் அக்கா இருக்கிறாள். துடைத்தேன். மறுநாள் வரைந்தேன், மறுபடியும் அக்கா. மூன்று முறை துடைத்து நான்கு முறை வரைந்தேன். அதிலும் நான் கடைசியாகப் பார்த்த அக்கா இல்லை. அவளுக்குப் பூரித்த கன்னம், சிறுவயதில் அதைக் கிள்ளி அடி வாங்கியிருக்கிறேன். படத்தில் கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணுக்குக் கீழே பள்ளம். இடது புருவத்தின் நடுவில் மயிர் இல்லாமல் ஒரு கோடு. நான் பார்த்தே இராத அக்கா. என் கை எங்கிருந்து அவளைக் கொண்டுவருகிறது என்று எனக்கே பயமாகிவிட்டது.

பயம் வந்தபோதுதான் புத்தி வந்தது. பல்பு வாங்கி வந்தேன். மத்தியானம் திரைகளை இழுத்து மூடி விளக்கைப் போட்டேன்.

முகம் கறுப்பாகத் தெரியும் என்று தெரியும், புதிதாகப் போட்டதுதானே. மடியில் கை ஒரு கறுப்புத் திட்டு, ஜன்னல் ஒன்று, கிண்ணம் ஒன்று, நாற்காலிக் கால் ஒன்று. மற்றதெல்லாம் மினுங்க வேண்டும். எதுவும் மினுங்கவில்லை. நான் தொடாத சுவர் கறுப்பு. நான் தொடாத புடவை மடிப்பு கறுப்பு. கூந்தல், தரை, நிழல், எல்லாம் ஒரே கறுப்பு. அந்தப் படத்தில் பழையது என்று ஒரு நகக்கண் அளவு கூட இல்லை. கையைச் சுற்றி ஒட்டின் விளிம்பு விளக்கிலும் தெரியவில்லை, அதனால் அந்த வளைந்த சுண்டு விரலும் நான் போட்டது இல்லை. என் விரலைப் பார்த்து வேறு யாரோ போட்டது.

அப்போது எல்லாம் விளங்கியது. வந்தது ஒரே பெண் இல்லை. ஐந்து பெண்கள். ஐந்து புதுத் துணிகளில் ஐந்து படம், ஒவ்வொன்றிலும் ஒரு இடம் மட்டும் வேண்டுமென்றே வெறுமையாக விட்டு, அதைச் சேதம் என்று என்னிடம் கொண்டுவந்து, மற்றதெல்லாம் ‘இருந்தது’ என்று என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஊருக்கு ஒன்றாக, இதுதான் அந்த ஒரே படம் என்று அத்தான் நான்கை விற்றிருக்கிறார், இது ஐந்தாவது.

சட்டத்தைக் கழற்ற வேண்டாம், பழைய மரம், உடைந்துவிடும் என்று எப்போதும் சொல்வார் அத்தான். கழற்றினேன். மடிந்திருந்த துணியின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். மூன்று மூன்றாக. வரிசையாக.

எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான் தூரிகையில் வண்ணத்தை எடுத்ததும் ஓரத்தில் மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என்ன புள்ளி வைக்கிறாய் என்று பதினாறு வருடம் கேலி செய்திருக்கிறேன்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். அக்கா போலி வரைந்திருக்கிறாள், அதற்கு என் பெயரை அடகு வைத்திருக்கிறாள். ஆனால் எனக்கு உள்ளே பொங்கியது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஏழு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே படத்தில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறோம். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். போகும் வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். திட்டி முடித்துவிட்டுக் கட்டிக்கொள்வதாக இருந்தேன்.

அத்தான் கடைக்குப் போயிருந்தார். வீட்டு வேலை செய்கிற அம்மா கதவைத் திறந்தார். என்னை முன்பின் பார்த்ததில்லை. தங்கை என்றதும் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா எங்கே என்று கேட்டேன்.

“அவங்க போய் மூணு மாசம் ஆச்சேம்மா,” என்றார். “உங்களுக்குச் சொல்லலையா? வெளியூர்ல இருக்கீங்க, வர முடியலன்னுல்ல ஐயா சொன்னாரு.”

மூன்று மாதம். அத்தான் அக்காவின் செய்தியோடு என் வீட்டுக்கு வந்தது போன மாதம்.

கூடத்தில் அவள் புகைப்படம் இருந்தது, நோயில் எடுத்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணுக்குக் கீழே பள்ளம். இடது புருவத்தின் நடுவில் மயிர் இல்லாமல் ஒரு கோடு. அந்தப் புகைப்படத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் வீட்டில் ஈரம் காயாமல் இருக்கிற முகம் இதுதான்.

அந்த அம்மா மாடி அறையைத் திறந்து காட்டினார். வடக்குப் பார்த்த ஜன்னல். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு கிண்ணம். சுவர் முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் கை. ஒரே கை, இடது கை, மடியில் வைத்த மாதிரி. பென்சிலில், கரியில், வண்ணத்தில், நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. நான் முடித்துக் கொடுத்த முதல் படத்திலேயே அது என் கை என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஒவ்வொரு படத்தையும் ஐயாகிட்ட குடுக்கிறப்ப ஏதாவது சொல்லி அனுப்புவாங்க,” என்றார் அந்த அம்மா. “அவர் திரும்பி வந்ததும் மாடியிலேர்ந்தே கேப்பாங்க, அவ என்ன சொன்னான்னு. ஒண்ணும் சொல்லலம்பாரு. கடைசிப் படத்துல முகம் போடல. கை ஓடாம இல்ல. முகத்த அவ போடட்டும், அவளாலதான் முடியும்னாங்க.”

ஆக அந்த ஒரு செய்தி பொய் இல்லை. ஒன்பது வருடத்தில் அவர் கொண்டுவந்து சேர்த்த ஒரே உண்மையான வார்த்தை, அதுவும் சொன்னவள் போன பிறகு, அவருக்கு முகம் தேவைப்பட்டதால். அக்கா எதற்காக இந்த வேலைக்கு உடன்பட்டாள் என்று எனக்குத் தெரியாது. பயமா, ஆசையா, அந்தக் கையைப் பார்ப்பதற்காகவா. கேட்க ஆளில்லை. இரண்டு பஸ் தூரம், நான் ஒரு நாள் வந்திருக்கலாம். ஒரு பல்பு வாங்கியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்குச் சொன்னபடி அத்தான் படத்தை எடுக்க என் வீட்டுக்கு வந்தார். வாங்குகிறவர் காத்திருக்கிறார், தாள் தயாரா என்று கேட்டுக்கொண்டே துணியை விலக்கினார். கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மனிதருக்கு வியர்த்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மடிப்புக் கலையாத சட்டை முதுகோடு ஒட்டியது.

“கடைசில இப்படித்தான் இருந்தா,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நீ எப்ப பாத்த?”

“நான் பாக்கல அத்தான். அவதான் வந்து உக்காந்தா.”

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். சிறிது நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்பாக, மெதுவாக, யோசித்துப் பேசினார். நான்கு தாளில் என் கையெழுத்து இருக்கிறதாம். வெளியே வந்தால் முதலில் மாட்டுவது நானாம். செத்தவள் பெயரைக் கெடுக்க வேண்டாமாம். இனிமேல் மாடி அறை சும்மாதான் கிடக்கிறதாம், வடக்கு வெளிச்சம், எனக்குப் பிடிக்குமாம்.

அவர் சொன்னதில் ஒன்று கூடத் தப்பில்லை. நான்கு தாள்களின் நகலும், வாங்கியவர்களின் பெயரும் முகவரியும் என் அலமாரியில் இருக்கின்றன. அதையும் அவரிடம் சொன்னேன். ஐந்தாவது தாளை எடுத்து அவர் எதிரிலேயே மேஜையில் வைத்து, வாங்கிய நான்கு பேருக்கும் அனுப்ப நான்கு நகல்கள் விழும்படி அடியில் கார்பன் வைத்து, எழுதத் தொடங்கினேன். அவர் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். படத்திலிருந்த அக்கா எங்கள் இருவருக்கும் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருந்தது: ஒன்றுமில்லை. முன்பு வந்த நான்கிலும் ஒன்றுமில்லை.

சேர்த்தது: முகம், நான். மற்றதெல்லாம் என் அக்கா.

“உனக்கும் ஜெயில்தான்,” என்றார் அத்தான்.

“தெரியும்,” என்றேன்.

போனது என்ற கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது எங்கள் விதி. அதில் ‘அக்கா’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவில்லை.